மஞ்சள் சிலிப்பர், 555 நோட்டு, ஒரு கருப்பு ஆடு: பெஸ்தாரி ஜெயாவில் பார்த்த நாடகம்

முதலில் காசு விஷயம். டிக்கெட் 20 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), பிள்ளைகளுக்கு 10. எட்டு மணிக்கு நாடகம் என்று போட்டிருந்தார்கள், திரை விலகும்போது மணி ஒன்பதே கால். இடையில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குத்துவிளக்கு, மாலை, பொன்னாடை, விட்டுப்போன ஒருவருக்கு இன்னொரு பொன்னாடை, அப்புறம் 'ரெண்டே ரெண்டு வார்த்தை' என்று மைக்கைப் பிடித்த பிரமுகர் ஒருவர் தோட்டத்து மக்களின் கண்ணீரைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினார். கடைசியில் திரை விலகினால் உள்ளேயும் ஒரு வரவேற்பு வளைவு, ஒரு மேசை, கையில் பொன்னாடையோடு ஒரு தலைவர் 'நம் மண்ணின் மகள் வருகிறார்' என்று பேசிப் பழகிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த என் அம்மா, "இன்னும் முடியலையாடா?" என்றார். டேவானில் (மண்டபத்தில்) பாதிப் பேருக்கு அதே சந்தேகம்தான், நாலைந்து நிமிடம் கழித்துத்தான் முதல் சிரிப்பே வந்தது. வேண்டுமென்றே அப்படி அமைத்திருந்தால் இதைவிட நல்ல தொடக்கத்தை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. ஆனால் தற்செயலாக அமைந்ததுதான் என்று நினைக்கிறேன்.

நாடகம் நம்முடையது இல்லை. சுவிட்சர்லாந்துக்காரர் ஃப்ரீட்ரிஷ் டூரன்மாட் ஜெர்மன் மொழியில் எழுதியது, 1956 ஜனவரியில் சூரிக் நகரில் முதலில் மேடையேறியது. பெயரைத் தமிழில் சொன்னால் 'கிழவியின் வருகை' என்று வரும். சோறு தண்ணிக்கே வழியில்லாத கூலன் என்ற ஒரு சின்ன ஊர். அந்தப் பெயரிலேயே சாணித் தண்ணீர் நாறும், ஜெர்மன் தெரிந்தவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். அந்த ஊரில் இளம் வயதில் கர்ப்பமான ஒரு பெண்ணை அவளுடைய காதலன் கைவிடுகிறான், பிள்ளை என்னுடையது இல்லை என்கிறான், ஒரு போத்தல் சாராயம் வாங்கிக் கொடுத்து இரண்டு பேரைப் பொய்ச்சாட்சி சொல்ல வைக்கிறான். அவளை ஊரே சிரித்து வழியனுப்புகிறது. நாற்பத்தைந்து வருடம் கழித்து அவள் உலகப் பணக்காரியாகத் திரும்பி வருகிறாள். ஒரு பில்லியன் தருகிறேன், பாதி ஊருக்கு, பாதி குடும்பங்களுக்குப் பிரித்து, ஆனால் அவனை யாராவது கொல்ல வேண்டும் என்கிறாள். ஊர்த்தலைவர் மனிதாபிமானத்தின் பெயரால் மறுக்கிறார். கிழவி, காத்திருக்கிறேன் என்கிறாள். அவ்வளவுதான் கதை, மிச்சமெல்லாம் அந்தக் காத்திருப்பு.

இதை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தது பொருத்தம் என்றால் அப்படி ஒரு பொருத்தம். பத்தாங் பெர்ஜுந்தை (பெர்ஜுந்தை என்றால் தொங்குவது) என்ற பழைய பெயரை மலாய்க்காரர்கள் ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டே சொல்வதால்தான் பெஸ்தாரி ஜெயா ஆக்கினார்கள் என்பார்கள், பெயர்த் தொல்லை நமக்கும் உண்டு. ஈயம் தோண்டும் கப்பல்கள் ஓடிய ஊர். 1985ல் ஈய விலை விழுந்த பிறகு மிஞ்சியது குட்டைகள்தான். கித்தா (ரப்பர்) மரத்தை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டார்கள், செம்பனைக்கு நம் ஆட்கள் அவ்வளவு பேர் தேவைப்படவில்லை, பிள்ளைகள் ரவாங்குக்கும் ஷா ஆலமுக்கும் போய்விட்டார்கள். மூல நாடகத்தில் வேக ரயில் நிற்காத ஸ்டேஷனில் ஊரே நின்று பெருமூச்சு விடும். இங்கே எக்ஸ்பிரஸ் பஸ் நிற்காத பஸ் ஸ்டாப். கிழவி வெள்ளை வெல்ஃபயரில் வந்து இறங்குகிறாள் (அட்டையில் செய்த வண்டி, கதவு பக்கவாட்டில் வழுக்கித் திறந்ததற்கே கைதட்டல்). சாராயம் நம் தோட்டத்து மலிவுச் சரக்கான சம்சு ஆகிவிட்டது, கோர்ட்டு தோட்டத்துப் பஞ்சாயத்து ஆகிவிட்டது. அன்றைக்குத் தீர்ப்புச் சொன்ன பஞ்சாயத்துத் தலைவர் இன்றைக்குக் கிழவிக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூலத்திலும் பழைய நீதிபதியைத்தான் அவள் சம்பளத்துக்கு வைத்திருப்பாள். பொய்ச்சாட்சி சொன்ன இருவரையும் அவள் தேடிப் பிடித்துக் கண்ணைப் பிடுங்கியிருப்பாள் இல்லையா, அவர்கள் இங்கே கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்லிக்கொண்டு, சாப்பாட்டுக் கடைகளில் நாம் பார்க்கிற மாதிரி டிஷ்யூ பாக்கெட் நீட்டுகிறார்கள். இடைவேளையில் வெளியே வந்தும் நீட்டினார்கள். நான் ஒன்று வாங்கினேன், ஒரு வெள்ளி. சிரித்துக்கொண்டுதான் வாங்கினேன், வாங்கிய பிறகு என்னவோ மாதிரி இருந்தது.

'நன்கொடை' என்ற சொல் வந்த இடத்தில் எழுந்த சிரிப்பைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. அன்றைய பிரதமர் நஜிப்பின் கணக்கில் வந்திருந்த 2.6 பில்லியன் வெள்ளிக்கு 2015ல் என்ன பெயர் சொன்னார்கள் என்பது நினைவிருப்பவர்களுக்கு அது புரியும்.

சரி, இந்த நாடகத்தை எதற்காகப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் நான் ஒரு காட்சியைத்தான் சொல்வேன். மூலத்தில் கொல்லப்பட வேண்டிய ஆள் ஒரு கடைக்காரன், ஊர்க்காரர்கள் அவனிடமே கடன் சொல்லி வாங்க ஆரம்பிப்பார்கள். இங்கே அவர் தோட்டத்து முச்சந்தியில் சாமான் கடை வைத்திருக்கிறார், மேசைமேல் 555 நோட்டு. அதைத் தெரியாத தோட்டத்துப் பிள்ளை இருக்க முடியாது: சட்டைப் பையில் அடங்குகிற அளவு, அட்டையில் மூன்று ஐந்து. சம்பள நாளன்று எங்கள் அப்பா அதைச் சீனன் கடையில் நீட்டுவார், கடைக்காரர் பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரு கோடு இழுப்பார், அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் அப்பா முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடும்.

மேடையில் முதலில் ஒரு அம்மா வருகிறார், பெரிய டின் மைலோ. "எழுதிக்கோங்கண்ணே." காதில் செருகியிருந்த துண்டுப் பென்சிலை எடுத்து அவர் எழுதுகிறார். அடுத்து தமிழ்ப்பள்ளி வாத்தியார், வழக்கமாக வாங்குகிற மலிவு சார்டின் வேண்டாம், ஆயாம் பிராண்ட் கொடுங்கள், நாலு டின். எழுதிக்கோங்க. மூன்றாவதாகக் கோயில் தலைவர். எழுதிக்கோங்க. "நம்ம எல்லாரும் உங்க பக்கம்தான், ஒரு மசிரும் பயப்படாதீங்க" என்று வேறு சொல்கிறார். குனிந்து பென்சிலால் எழுதிக்கொண்டிருந்த கடைக்காரர் அப்படியே நிற்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் கோயில் தலைவர் காலில் புத்தம் புதிய மஞ்சள் சிலிப்பர். மெதுவாகக் கண்ணைத் திருப்புகிறார், வாத்தியார் காலிலும் மஞ்சள், அந்த அம்மா காலிலும் மஞ்சள். "எதை வெச்சு அடைக்கப் போறீங்க?" என்று கேட்கிறார். சத்தமே இல்லாமல்தான் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. டேவானில் மூலையில் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது.

மூலத்தில் மஞ்சள் ஷூ. அதைச் சிலிப்பர் ஆக்கினாலும் நிறத்தை மாற்றாமல் விட்டது பெரிய புத்திசாலித்தனம். நமக்கு மஞ்சள் என்றால் தாலிக்கயிறு, கல்யாணப் பத்திரிகையின் ஓரம், புது வீட்டு நிலைப்படி. ஒரு ஆளைக் கொல்ல ஊர் எடுத்த முடிவு காலில் மங்களமாக ஏறிக்கொண்டு வருகிறது. ஐரோப்பியப் பார்வையாளனுக்கு இந்த அர்த்தம் கிடைத்திருக்காது.

அப்புறம் ஆடு. மூல நாடகத்தில் கிழவி ஒரு கருஞ்சிறுத்தையைக் கூண்டில் வைத்துக் கொண்டுவருவாள், காதலித்த காலத்தில் அவனைக் கருஞ்சிறுத்தை என்றுதான் கூப்பிடுவாள். சிறுத்தைக்கு நாம் எங்கே போவது? இவர்கள் ஒரு நிஜமான கருப்பு ஆட்டைக் கயிறு கட்டி மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவனை அந்தக் காலத்தில் 'கருப்பா' என்று கூப்பிட்டாளாம். ஆடு வந்த வேகத்தில் வரவேற்பு வளைவில் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தைத் தின்ன ஆரம்பித்தது, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், வசனம் ஒன்றும் கேட்கவில்லை, பரவாயில்லை. இரண்டாம் பாகத்தில் ஆடு அறுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது என்று ஊர் ஆண்கள் பாராங் கத்தியோடு தேடக் கிளம்புகிறார்கள். போகும்போது எல்லாருக்கும் சிரிப்பு. திரும்பி வரும்போது ஆடு கிடைக்கவில்லை, கத்தி கையில் இருக்கிறது, வழியில் கடைக்காரர் நிற்கிறார். யாரும் ஒன்றும் செய்யவில்லை. "என்னண்ணே, இந்த நேரத்துல வெளிய?" என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போகிறான். அந்த ஒரு வரிக்கு 20 வெள்ளி சரியாகப் போயிற்று.

இனி என் மனத்தாங்கல். இயக்குநர் கிழவியைப் பார்த்து இரக்கப்பட்டுவிட்டார். மூலத்தில் அவள் பேச்சில் கண்ணீர் கிடையாது. செயற்கைக் கால், தந்தத்தில் ஒரு கை, ஒன்றன்பின் ஒன்றாகக் கணவர்கள், கூடவே ஒரு சவப்பெட்டி. பிறந்த குழந்தை ஒரே வருடத்தில் இறந்ததைக் கூட கடை கணக்குச் சொல்கிற மாதிரிச் சொல்வாள். அவள் நீதியும் இல்லை, மார்ஷல் திட்டமும் இல்லை, உலக அழிவும் இல்லை, உலகிலேயே பணக்காரப் பெண்மணி, அவ்வளவுதான் என்று டூரன்மாட்டே குறிப்பு எழுதி வைத்தார். இவர்களோ கணவர்களை எல்லாம் வெட்டிவிட்டு (எட்டாவது கல்யாணம் அந்த ஊரிலேயே நடக்கும், எவ்வளவு சிரிப்பு அதில், போயே போய்விட்டது) அந்த இடத்தில் ஒரு பழைய நினைவுக் காட்சியைச் செருகியிருக்கிறார்கள்: மழை, பெட்டியோடு வயிற்றுப் பிள்ளைக்காரி, லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) வாசலில் நின்று சிரிக்கிற ஊர், பின்னால் புல்லாங்குழல் ஒன்று அழுகிறது, ஒலிபெருக்கி அதைவிடப் பெரிதாக அழுகிறது. முன்வரிசையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

அந்தக் காட்சி முடிந்து கிழவி எழுந்து நின்று, அவனைக் கொல்லுங்கள் என்றதும் டேவானே கைதட்டியது. பின்னாலிருந்து ஒரு அக்கா "போடு அவன!" என்று கத்தினார். நானும் தட்டினேன், மறைக்க ஒன்றுமில்லை. இதுதான் சிக்கல். அவள் காசைக் காட்டிக் கொலை கேட்கிற இடத்தில் நமக்கு வயிற்றைப் பிசைய வேண்டும், இங்கே சினிமாவில் வில்லன் அடிவாங்குகிற மாதிரி ஒரு திருப்தி வந்துவிட்டது. அவள் பட்டது பொய் இல்லை. ஆனால் அந்தக் காயத்தை அவள் இத்தனை வருடம் வட்டிக்கு விட்டு வைத்திருக்கிறாள், இப்போது அசலும் வட்டியுமாக ஊரிடம் வசூலிக்க வந்திருக்கிறாள். புல்லாங்குழல் வாசித்தால் அது எப்படித் தெரியும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பஞ்சாயத்துக் காட்சியில் பெண்ணை நடுவில் நிற்க வைத்துக் கேள்வி கேட்கும்போது அம்மா மெல்லிய குரலில், "இப்படித்தான் நிக்க வெச்சாங்க" என்றார். யாரை என்று நான் கேட்டேன். மேடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பதில் சொல்லவில்லை. அம்மா பதினாறு வயதில் கித்தா மரத்தில் பால் வெட்டப் போனவர், மூன்று தோட்டம் பார்த்தவர். ஆகவே அந்தக் காட்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புல்லாங்குழல் வேண்டாம் என்கிறேன்.

இரக்கப்பட்டுச் சொதப்பிய இதே கைதான் கடைசிக் கூட்டத்தையும் எழுதியது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. மூலத்தில் ஊர்க்கூட்டம் கூடி, நீதி, நியாயம் என்று பெரிய பெரிய வார்த்தைகளாகப் பேசி, பணத்துக்காக இல்லவே இல்லை என்று சொல்லிக்கொண்டே, அவனைக் கொல்லத் தீர்மானம் போடும். இங்கே தலைவர் எழுந்து நம் வரலாற்றைப் பேசுகிறார். 1941ல் கிள்ளான் வட்டாரத்தில், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம், கூலியை உயர்த்து என்று வேலைநிறுத்தம் செய்தவர்களைச் சுட்டார்களே, அன்றைக்கு யார் கேட்டார்கள்? ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதைக்கு ஆட்களை அள்ளிக்கொண்டு போனானே, போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள்? தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது நம் சட்டி பானையை எங்கே கொண்டு வைத்தோம்? 1969க்கு அப்புறம் குடியுரிமை இல்லை, பெர்மிட் இல்லை என்று கப்பல் ஏறிப் போனவர்களின் பெயராவது யாருக்காவது தெரியுமா?

எல்லாம் உண்மை. ஒரு வரிகூடப் பொய் இல்லை. டேவான் முழுக்கத் தலையாட்டுகிறது, எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் மேடையில் இருக்கும் ஊர் 'நாங்கதான் பட்டோம், நாங்கதான் பட்டோம்' என்று பதில் சொல்ல, பின்னால் தப்பு மேளம் மெதுவாக ஏறிக்கொண்டே வருகிறது. பிறகு அதே குரலில், அதே கண்ணீரோடு, தலைவர் கடைக்காரர் பக்கம் திரும்பி, "ஆகவே…" என்கிறார். அந்த 'ஆகவே'க்கு அப்புறம் சில நொடி ஒன்றும் இல்லை. அவ்வளவு நேரம் தலையாட்டிய நாம் எதற்குத் தலையாட்டினோம் என்று அப்போதுதான் உறைக்கிறது. 1941க்கும் சயாமுக்கும் அந்தக் கடைக்காரருக்கும் என்ன சம்பந்தம்? அவர் தாத்தாவும் சயாமுக்குப் போனவராகத்தானே இருப்பார்? கத்தியை ஓங்குவதற்கு முன்னால் ஊருக்குத் தன்னைப் பாவப்பட்டதாக ஆக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அது இல்லாமல் கை எழும்பாது. முதல் பாதியில் கிழவி ஒருத்தி செய்த வியாபாரத்தை இரண்டாம் பாதியில் ஊரே செய்கிறது. இந்த இடத்தில் புல்லாங்குழல் வைக்காமல் விட்ட புண்ணியவான் யாரோ அவருக்கு நன்றி.

'தோட்டத்து மக்களின் கண்ணீர்' என்ற சொற்றொடர் அந்தப் பேச்சில் மூன்று முறை வந்தது. எட்டரை மணிக்கு அதையே பேசிய பிரமுகர் முன்வரிசையில் உட்கார்ந்து ரசித்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஓட்டெடுப்பு நடக்கும்போது கூட்டத்தை ஒருவன் போனில் நேரலை விடுகிறான். கை தூக்கியாயிற்று, தீர்மானம் படித்தாயிற்று, கடைக்காரர் "ஆண்டவா!" என்று ஒரு கத்து கத்துகிறார். உடனே போன்காரன், "லைன் போச்சு லா, மறுபடி ஒருக்கா" என்கிறான். எல்லாரும் மறுபடி கை தூக்குகிறார்கள், அதே வரிகளை அதே ஏற்ற இறக்கத்தோடு படிக்கிறார்கள். இந்த முறை கடைக்காரர் கத்தவில்லை. "அண்ணே, நீங்களும் கத்தணும்" என்று போன்காரன் கெஞ்சுகிறான், அவர் சும்மா நிற்கிறார். இது இவர்கள் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள், 1956லேயே இருக்கிறது. அங்கே படம் பிடிக்கிறவரின் விளக்கு கெட்டுப்போகும். எழுபது வருடத்தில் நாம் விளக்கிலிருந்து லைனுக்கு வந்திருக்கிறோம்.

நடிப்பைப் பற்றி. கடைக்காரராக நடித்தவர் பகலில் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறாராம், வெளியே பேசிக்கொண்டார்கள். முதல் பாதியில் அவர் ஒரு சாதாரண அயோக்கியன், பழைய காதலைச் சொல்லிக் கிழவியிடம் காசு கறக்கலாம் என்று முடிக்குச் சாயம் பூசிக்கொண்டு வருகிறவர். கடைசியில் தான் செய்தது தப்பு என்று ஒப்புக்கொண்டு, தப்பிக்க முடிந்தும் பஸ் ஏறாமல், நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிற ஒரே மனிதரும் அவர்தான். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக மாறியதைத்தான் பார்த்தேன், எந்த வசனத்தில் மாறினார் என்று பிடிக்க முடியவில்லை. கிழவியாக வந்தவர் கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் மேடைப் பலகை 'டொக்' என்றது, நன்றாக இருந்தது. அழ வைத்த இடங்களில் மட்டும் தொலைக்காட்சித் தொடர் எட்டிப் பார்த்தது, தப்பு அவர்மேல் இல்லை. வாத்தியார் குடித்துவிட்டு உண்மையைச் சொல்ல முயலும் காட்சியில் மைக் செத்துவிட்டது. உண்மையைச் சொல்ல ஒருவன் எழுந்தால் மைக் செத்துப்போவதும் பொருத்தம்தான் என்று பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டேன், ஆனால் இரண்டாவது முறை செத்தபோது கோபம் வந்தது.

மற்றபடி: பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டே முக்கால் மணி நேரம், முதுகுவலிக்காரர்கள் ஒரு தலையணை கொண்டு போவது நல்லது. காற்றாடி நடு வரிசைக்கு எட்டாது. கொசு உண்டு, பக்கத்தில் ஈயக் குட்டை இருக்கிறது, கேட்கவே வேண்டாம். இடைவேளையில் விற்ற வடையும் தே தாரிக்கும் அருமை, இரண்டும் சேர்த்து 4 வெள்ளி, வடைக்குத் தேங்காய்ச் சட்னி தாராளம். வண்டி நிறுத்தக் கோயில் திடல் இருக்கிறது. கார் எடுக்கும்போது அம்மா, "அந்த சிலிப்பர் எங்க வாங்கினாங்களாம்?" என்று கேட்டார். கிண்டலா நிஜமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்னும் இரண்டு வாரம் சனிக்கிழமைகளில் போடுகிறார்கள், போய்ப் பாருங்கள். எட்டு மணி என்றால் ஒன்பதுக்குப் போனால் போதும், ஆனால் பேச்சையும் சேர்த்துப் பார்ப்பதுதான் என் பரிந்துரை. போகிற போக்கில் டிக்கெட் மேசையில் இருந்த பையனிடம், ஆடு யாருடையது தம்பி, நல்லா நடிக்குதே என்று கேட்டேன். "முனியாண்டிக்கு நேர்ந்து விட்டதுண்ணே, அடுத்த மாசம் பூசை. அது வரைக்கும் நடிக்கட்டுமேன்னு வாங்கிட்டு வந்தோம்" என்றான்.